துடைத்தெறியும் முன்னர்: கணினி பழுதுபார்க்கும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



ரிச்சி தெருவின் நெருக்கடிக்கு நடுவே ஒரு மேஜையும் ஒரு ஸ்குரூ டிரைவருமாக உட்கார்ந்திருப்பவர் முதற்கொண்டு, சிற்றூர்ப் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையின் பின்கட்டில் தொழில் நடத்துகிறவர் வரையில், கணினிகளின் பழுது நீக்கிப் பிழைக்கும் உங்கள் அனைவருக்கும் சேர்த்தே இக்கடிதத்தை எழுதுகிறேன். உங்கள் திறமையில் எனக்குச் சிறிதும் சந்தேகம் இல்லை. கம்பெனிக்காரர்களே "போர்டை மாற்றவேண்டும்" என்று கைவிட்ட லேப்டாப்பை, மிளகளவு உள்ள ஓர் உறுப்பை மட்டும் மாற்றி ஓடவைத்த கைகளை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆயினும், புதிய ஓ.எஸ். ஏற்றிய பின்னர் அப்டேட் ஏறமாட்டேன் என்கிறது என்று ஒருவர் வந்து நிற்கும்போது மட்டும், அந்த ஆராய்ச்சிக் குணமெல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ள, உங்களில் பெரும்பாலோர் வாயிலிருந்து இரண்டே வாக்கியங்கள்தாம் வருகின்றன. ஒன்று, "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்." மற்றொன்று, "அப்டேட்டை ஆஃப் பண்ணி வெச்சிடுறேன், இனிமே தொல்லையே இருக்காது." இவ்விரண்டு வாக்கியங்களையும் குறித்தே உங்களோடு வழக்காட வந்திருக்கிறேன்.

இவ்வழக்கைக் காலம் தாழ்த்தாமல் தொடுப்பதற்கு முகாந்திரம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது. 2015 ஜூலை முதல் ஓராண்டு வரையில் இலவசமாகக் கிடைத்ததென்று விண்டோஸ் 7-இலிருந்து 10-க்கு ஏறியவர்களும், 10-உடனேயே கணினி வாங்கியவர்களும், இப்போது 11-க்கு ஏறியே தீரவேண்டும் என்னும் நிர்ப்பந்தத்தோடு உங்கள் வாசலுக்கு வருகிறார்கள். ஏற்றும் காரியம் எப்படியோ நடந்தேறிவிடுகிறது. துன்பம் தொடங்குவது அதற்குப் பின்னர்தான். மாதந்தோறும் வருகிற பாதுகாப்பு அப்டேட், முழுவதும் இறங்கி, நூறு சதவீதம் என்று காட்டி, கணினியை அணைத்து ஏற்றச் சொல்லி, கடைசியில் செய்த மாற்றங்களையெல்லாம் தானே ரத்துச் செய்துகொண்டு, பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. மறுநாளும் அதே நாடகம். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மனிதர் உங்களைத் தேடி வருகிறார்.

ஓ.எஸ். மாறிய பின்னர் இத்தொல்லை ஏன் மிகுதியாகிறது என்பதை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். பழையதன் மேலேயே புதிய ஓ.எஸ்.-ஐ ஏற்றுவது, வில்லங்கம் பார்க்காமல் வீடு கிரயம் செய்துகொள்வதைப் போன்றது. சுவரும் கூரையும் கைக்கு வரும்போதே, முன்னவர் வைத்துப்போன அடமானமும் அடுத்தவர்க்குள்ள பாத்தியதையும் கூடவே வந்துசேரும். விண்டோஸ் 7 தன்னை நிறுவிக்கொண்டபோது தனக்கென ஒதுக்கிக்கொண்ட 100 எம்.பி. பார்ட்டிஷன், அதன்மேல் 10 ஏறிய பின்னரும் அதே 100 எம்.பி.-யாகத்தான் இருக்கும். காலாவதியாகிப்போன ஆன்டிவைரஸ், திரையில் தன் பெயரே தெரியாதபடி போய்விட்ட பின்னரும், தன் டிரைவரை உள்ளே விட்டுவைத்திருக்கும். ஆன்டிவைரஸுக்கும் அப்டேட்டுக்கும் உள்ள சம்பந்தம் வெறும் ஊகம் என்று எண்ணவேண்டாம்: 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்னும் பிராசசர் குறைக்குத் திருத்தம் வந்தபோது, அதற்கு இசைவானது என்று ஆன்டிவைரஸ் ரிஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பு எழுதிவைத்தாலொழியப் பாதுகாப்பு அப்டேட்டுகளை அந்தக் கணினிக்கு அளிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே நிறுத்திவைத்திருந்தது.

இவற்றுள் நம் ஊருக்கே உரியது என்று சொல்லத்தக்க ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச அனுமதியுங்கள். பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு ஆண்டுகள் உபயோகித்துக் கழித்துவிட்ட லேப்டாப்புகள், செகண்ட் ஹேண்ட் சந்தையின் வழியாகக் கல்லூரி மாணவர் கையிலும் சிறு கடைக்காரர் மேஜையிலும் வந்து சேருகின்றன என்பதையும், அவற்றில் பாதியை விற்பவர்களே நீங்கள்தாம் என்பதையும் நான் சொல்லவேண்டியதில்லை. அந்தக் கம்பெனியில் இருந்த நாளில், அந்த லேப்டாப் அப்டேட்டுக்காக நேரே மைக்ரோசாஃப்டிடம் போனதில்லை. கம்பெனி தன் கட்டடத்துக்குள் வைத்திருந்த அப்டேட் சர்வரிடம் போகும்படி அதற்குக் கட்டளை இடப்பட்டிருந்தது. அந்தக் கட்டளை ரிஜிஸ்ட்ரியில், பாலிசிகள் என்ற பகுதியின் கீழ், விண்டோஸ் அப்டேட் என்ற சாவியில் எழுதப்பட்டிருக்கிறது. டிஸ்க்கைத் துடைக்காமல் அந்த லேப்டாப்பை விற்று, அதன் மேலேயே 10-இலிருந்து 11-ஐ ஏற்றும்போது, கட்டளையும் அப்படியே புதிய ஓ.எஸ்.-க்குள் வந்துவிடுகிறது. திருநெல்வேலியில் ஒரு மளிகைக் கடையின் கல்லாப்பெட்டிக்கு அருகே இருந்துகொண்டு அந்த லேப்டாப், தன் பழைய எஜமானரின் கட்டடத்துக்குள் மாத்திரமே பெயர் தெரிகிற ஒரு சர்வரை ஒவ்வொரு நாளும் தேடித் தேடி, அகப்படவில்லை என்று அறிக்கை விடுகிறது. 8024402சி என்னும் எண் அந்த அறிக்கையே ஆகும். தேடிய சர்வரின் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். அந்தச் சாவியிலுள்ள இரண்டு மூன்று வரிகளைத் திறந்து பார்த்து நீக்கினால் ஐந்து நிமிஷத்தில் தீரக்கூடிய ஒரு காரியத்துக்கு, முழு டிஸ்க்கையும் துடைத்து, ஒரு பகல் முழுவதையும் செலவிட்டு, உரியவரின் கோப்புகளில் சிலவற்றையும் பலிகொடுப்பது எவ்வளவு பெரிய விரயம்! போலி லைசென்ஸுக்காக ஆக்டிவேட்டர் ஓட்டிய கணினிகளில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சேர்ந்திருக்கும் வரிகளும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கின்றன. அதை யார் ஓட்டினார்கள் என்ற கேள்விக்குள் நான் போகவில்லை.

எண்ணைப் பற்றிச் சொன்னேன். திரையில் தோன்றும் அந்த எரர் கோடைப் படிக்காமலேயே பலரும் மூடிவிடுகிறீர்கள் என்பதுதான் என் முதற்குறை. அது உளறல் அன்று. 8024 என்று தொடங்கினால், அப்டேட்டைச் செய்யும் சர்வீஸே தன் குறையைத் தானே சொல்லுகிறது. 8007-க்கு அடுத்து 2 வந்தால், பெரும்பாலும் இணையப் பாதையில் தகராறு. 8007-க்குப் பின்னர் பூஜ்யம் வந்தால், கடைசி இலக்கங்களைப் பதினாறின் அடிப்படையிலிருந்து பத்தின் அடிப்படைக்கு மாற்றிப் பாருங்கள்: 80070070-இல் உள்ள 70, நம் கணக்கில் 112, விண்டோஸின் பிழைப் பட்டியலில் 112 என்பது டிஸ்க்கில் இடம் இல்லை என்பதைக் குறிக்கும். இடம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுகிற யந்திரத்துக்கு இடம் செய்துகொடுப்பதுதானே முறை? 32 ஜி.பி. சேமிப்பகத்தோடு விற்கப்பட்ட மலிவான லேப்டாப்புகளில் இது அநேகமாக நிச்சயம். விண்டோஸ் ஓல்ட் என்ற ஃபோல்டரில் பழைய ஓ.எஸ். முழுவதும் பத்து நாள் வரையில் கிடக்கிறது. பின்வாங்கும் உத்தேசம் இல்லையென்றால், உரியவரைக் கேட்டுக்கொண்டு அதனை முன்னதாகவே நீக்கிவிடலாம்.

எல்லா எண்ணும் இப்படி நேராகப் பேசுவதில்லை என்று நீங்கள் மறுத்துரைப்பீர்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. 2015-இல் விண்டோஸ் 10-ஐ ஏற்ற முயன்ற சிலருக்கு, ஏதோ நடந்துவிட்டது என்பதற்கு மேல் ஒரு விவரமும் இல்லாத செய்திப்பெட்டி தோன்றி உலகம் முழுவதும் சிரிப்பாய்ச் சிரித்தது. அதைவிடக் கொடுமையானது 2024 ஜனவரி 9-ஆம் தேதி நிகழ்ந்தது. விண்டோஸ் 10-க்கு வந்த கே.பி. 5034441 என்னும் அப்டேட் எண்ணற்ற கணினிகளில் 80070643 என்ற எண்ணோடு தோற்றுப்போயிற்று. அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் 1603 கிடைக்கும். நிறுவும்போது பெரும் பிழை நேர்ந்தது என்பதற்குமேல் அது ஒன்றும் சொல்லாது. உண்மையான காரணமோ வேறிடத்தில் இருந்தது. கணினி கெட்டுப்போனால் மீட்பதற்காக விண்டோஸ் வைத்திருக்கும் ரெகவரி பார்ட்டிஷனில் 250 எம்.பி. காலியிடம் வேண்டியிருந்தது, முன்பு நிறுவப்பட்ட கணினிகள் பலவற்றில் அவ்வளவு இடம் இல்லை. பிட்லாக்கர் பூட்டைத் தாண்ட உதவும் ஒரு குறையை அடைப்பதற்காக வந்தது அந்தத் திருத்தம். அந்தப் பார்ட்டிஷனே இல்லாத, ஆகவே அந்தத் திருத்தமும் தேவைப்படாத கணினிகளிலுங்கூட அதே பிழை காட்டப்பட்டது. பார்ட்டிஷனைக் கையால் பெரிதாக்கும் வழியை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதேயன்றித் தானாக நடக்கும் பரிகாரம் எதுவும் தரவில்லை. அந்த மாதத்தில், ஒரு குற்றமும் செய்யாத எத்தனையோ கணினிகள் இந்த ஓர் எண்ணுக்காகத் துடைக்கப்பட்டன என்பதை உங்களுள் பலர் நினைவுகூரக்கூடும். துடைத்தபின் பழைய அளவிலேயே பார்ட்டிஷன் அமைத்தவர்களுக்கு, அதே எண் மறுபடியும் வந்து நின்றது.

மிகச் சாதாரணமான காரணம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துபோன கணினி, ஒவ்வொரு முறை மின்சாரம் துண்டிக்கப்படும்போதும் தன் தேதியைப் பல ஆண்டு பின்னுக்குக் கொண்டுபோய்விடுகிறது. தேதி தவறினால், சர்வர் காட்டும் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றுகிறது. சான்றிதழ் செல்லாவிட்டால் இணைப்பே நடவாது. ஃபார்மட் செய்துவிட்டு அந்தப் பேட்டரியை மாற்றாமல் அனுப்பியவர்கள் உண்டு.

சரி, இவை ஒன்றும் இல்லை, காரணம் தெளிவாகவில்லை. அப்போதும் துடைப்பதற்கு முன்னர் மூன்று படிகள் இருக்கின்றன. அப்டேட் சர்வீஸையும் அதன் துணைச் சர்வீஸ்களையும் நிறுத்தி, சாஃப்ட்வேர் டிஸ்டிரிபியூஷன், கேட்ரூட் 2 என்ற ஃபோல்டர்களுக்கு வேறு பெயர் இட்டுவிட்டால், பாதியில் சிதைந்துபோன பதிவிறக்கங்களை மறந்து விண்டோஸ் அவற்றைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். அதற்கும் மசியவில்லையென்றால், டிஸ்ம் என்னும் கருவியைக் கொண்டு ஓ.எஸ்.-இன் சேமிப்புக் களஞ்சியத்தை முதலில் செப்பனிட்டு, அதன் பின்னரே எஸ்.எஃப்.சி.-யை ஓட்டவேண்டும்; எஸ்.எஃப்.சி. நல்ல கோப்புகளை எடுப்பதே அந்தக் களஞ்சியத்திலிருந்துதான் ஆகையால், இந்த வரிசையைத் தலைகீழாக்குவதில் பிரயோஜனம் குறைவு. டிஸ்ம் தனக்கு வேண்டிய கோப்புகளை அப்டேட் வழியாகவே தேடும் என்பதையும், அப்டேட்டே கெட்டிருக்கும்போது அதே பதிப்பின் ஐ.எஸ்.ஓ.-வைக் காட்டிக்கொடுக்கவேண்டும் என்பதையும் மறந்துவிட்டு, "அதுவும் வேலை செய்யலை சார்" என்று கைவிரிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். மூன்றாவது படிதான் நான் உங்களிடம் மன்றாடிச் சொல்லவேண்டியது. அதே பதிப்பு, அதே மொழி உள்ள ஐ.எஸ்.ஓ.-வை ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே திறந்து, செட்டப்பை ஓட்டி, கோப்புகளையும் புரோகிராம்களையும் வைத்துக்கொள் என்று தேர்ந்தெடுத்தால், ஓ.எஸ். முழுவதும் புதிதாக அமைகிறது. உரியவரின் பொருள் ஒன்றும் போவதில்லை. அதற்குப் பிறகு புரோகிராம்களை ஒவ்வொன்றாக ஏற்றும் சிரமமும் இல்லை. இருந்தும் இதனைச் செய்கிறவர்கள் அரிதாகவே இருக்கிறார்கள். ஏன் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத புதிர்.

உங்களுக்கு ஃபார்மட் என்பது ஒரு பொத்தான். கணினிக்கு உரியவருக்கு அது என்ன என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அச்சகக்காரர், கல்யாணப் பத்திரிகையும் கோயில் கும்பாபிஷேக நோட்டீஸும் அடித்துப் பிழைப்பவர். பேஜ்மேக்கரில் செய்துவைத்த பழைய பக்கங்களும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும், அவற்றுக்கான கீபோர்டு டிரைவரும் அவருடைய மூலதனம். "டி டிரைவ்ல இருக்கிறதெல்லாம் பத்திரமா இருக்கு" என்று கடையில் உறுதி சொல்லித்தான் துடைத்தார்கள். எழுத்துருக்கள் இருந்தது சி டிரைவில், விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில். பக்கங்கள் திறந்தன, எழுத்துகள் எல்லாம் ஆங்கிலக் குறிகளாய் நின்றன. அந்த எழுத்துரு விற்றவர்கள் தொழிலையே விட்டுவிட்டார்கள். மறுபடி வாங்குவதற்கும் வழியில்லை. டாலி வைத்திருக்கும் வியாபாரியின் கணக்கும், ஆடிட்டரிடம் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவரும், பழைய பிரிண்டருக்குப் பிரயாசைப்பட்டுத் தேடிப்போட்ட டிரைவரும் இந்த ரகத்தைச் சேர்ந்தவையே. டெஸ்க்டாப்பும் டாகுமென்ட்ஸும் சி டிரைவில் இருப்பவை என்பதே அறியாத பெரியவர்கள் நம் ஊரில் ஏராளம். "எல்லாம் காப்பி எடுத்துட்டீங்களா?" என்று நீங்கள் கேட்கிறீர்கள், "எடுத்தாச்சு" என்று அவர்களும் சொல்லுகிறார்கள், இருவருமே வெவ்வேறு பொருளில் பேசிக்கொள்கிறீர்கள்.

இரண்டாவது வாக்கியத்தில்தான் எனக்கு உண்மையான கோபம். அப்டேட்டை நிறுத்திவைத்தால் பிழை தோன்றாது, ஆம், தோன்றாது. 2017 மார்ச் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட், கோப்புப் பகிர்வில் இருந்த ஒரு குறைக்குத் திருத்தம் வெளியிட்டது. மே 12-ஆம் தேதி வானாக்ரை என்னும் வைரஸ் அதே குறையின் வழியாக உலகம் முழுவதும் நுழைந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் பொது மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பவேண்டியதாயிற்று. பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்குத் திருத்தம் இரண்டு மாதத்துக்கு முன்பே தயாராக இருந்தது. போட்டிருந்தால் தப்பியிருக்கும். அப்டேட்டை நிறுத்திவிட்டு அதனை உரியவரிடம் சொல்லாமல் அனுப்புகிறவர், அவருடைய வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் சான்றிதழும் உள்ள கணினியை இந்த அபாயத்துக்கு அவர் அறியாமலேயே ஒப்புக்கொடுக்கிறார். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 இல்லாத பழைய கணினியில், ரூஃபஸ் முதலான கருவிகளால் அந்தச் சோதனையைத் தாண்டி 11-ஐ ஏற்றிக் கொடுப்பதும் ஒருவகையில் இதே காரியந்தான். அப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் கிடைக்கும் என்று தாங்கள் உறுதி சொல்வதற்கில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. 2024-இல் வந்த 24எச்2 பதிப்போ, பாப்கவுன்ட் என்னும் கட்டளையை அறியாத கோர் 2 டுயோ போன்ற பிராசசர்களில் தொடங்கவே மறுக்கிறது. ஏற்றுவது தவறென்று நான் சொல்லவில்லை. ஏழை மாணவனுக்கு வேறு வழி என்ன? ஆனால் நாளைக்கு அப்டேட் நின்றுபோகக்கூடும் என்று இன்றைக்கே சொல்லிவிடவேண்டும். அப்படிப்பட்ட கணினிக்கு உபுண்டுவையோ, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையோ ஏற்றித் தரலாமா என்று கேட்டுப் பார்ப்பதும் தகும்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்பதையும் அறிவேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து லாக் படித்துக் காரணம் கண்டுபிடித்தால், "சும்மா ரெண்டு வரி மாத்தினதுக்கு இவ்வளவா?" என்று கேட்கிற வாடிக்கையாளர், கண்ணெதிரே நீலத் திரையில் சதவீதம் ஓடுகிற ஃபார்மட்டுக்கு மட்டும் மறுபேச்சில்லாமல் சில நூறு ரூபாயை எடுத்து வைக்கிறார். அறிவுக்குக் கூலி இல்லை, ஆரவாரத்துக்கு உண்டு என்றால், எந்தத் தொழிலாளிதான் ஆராய்ச்சியில் இறங்குவான்? இந்த அநியாயம் எங்கள் பக்கத்தைச் சேர்ந்தது. ஆகையால் என் வேண்டுகோளின் முதற்பகுதி உங்கள் வருமானத்தைக் குறைப்பதாக இராது: காரணம் கண்டுபிடிப்பதற்கென்று தனிக் கட்டணம் ஒன்றை நிர்ணயித்து, கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி மாட்டுங்கள். பழுது தீர்ந்தாலும் தீராவிட்டாலும் அதனை வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டரிடமும் வக்கீலிடமும் இந்தச் சம்பிரதாயத்தை ஏற்றுக்கொண்ட ஜனங்கள், உங்களிடமும் சில மாதங்களில் பழகிக்கொள்வார்கள்.

அதற்கு ஈடாக நான் கேட்பது இவ்வளவே. கணினியை வாங்கிவைக்கும்போதே, திரையில் வந்த எண்ணைப் பில்லில் குறித்துக்கொள்ளுங்கள். அது எங்கே வாங்கியது, முன்பு எந்த ஓ.எஸ். இருந்தது, யார் மேலேற்றினார்கள் என்று விசாரியுங்கள். பாதி விடை அந்த விசாரணையிலேயே கிடைத்துவிடும். தேதி, டிஸ்க்கில் இடம், பழைய ஆன்டிவைரஸ், அலுவலகக் கட்டளை, இவற்றைப் பாராமல் ஃபார்மட் என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். துடைத்தே ஆகவேண்டும் என்று தீர்ந்தால், உரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சி டிரைவைத் திறந்து காட்டி, என்னென்ன போகும் என்பதை அவர் கண்ணாலேயே பார்க்கச் செய்யுங்கள். கூடுமானால் பழைய டிஸ்க்கை அப்படியே ஒரு மாதம் எடுத்துவைத்துவிட்டு, வேறொரு எஸ்.எஸ்.டி.-யில் புதிதாக ஏற்றிக்கொடுங்கள், அந்த எஸ்.எஸ்.டி.-யின் விலையை எங்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள். அப்டேட்டை நிறுத்தியிருந்தால் நிறுத்தியதாகவும், டி.பி.எம். சோதனையைத் தாண்டியிருந்தால் தாண்டியதாகவும், என்ன காரணம் கண்டீர்கள், எதை மாற்றினீர்கள் என்பதையும் இரண்டு வரி தமிழில் எழுதி, தேதியிட்டு, கணினியோடு சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து அதே கணினி வேறொருவர் கடைக்குப் போனாலும், அவர் முதலிலிருந்து தொடங்கவேண்டியிராது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளருள் ஒருவன்